சீட்டுக்கு மார்க் வர எத்தனை நாள்?

1

எங்கள் கடையின் முன்பாதியில் இப்போது அரிசி மூட்டை கிடையாது. கனடாவில் பிராம்ப்டன் பக்கம் தமிழ் மளிகை என்றால் என் கடைதான். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் மற்றவர்கள் சொன்னால் பாதியை விட்டுவிட்டுச் சொல்வார்கள் என்பதால் நானே சொல்கிறேன். கதவைத் திறந்ததும் பொன்னியும் இட்லி அரிசியும் ஆள் உயரத்துக்கு அடுக்கி நிற்கும். அது என் கோட்டைச் சுவர். அதை ஏன் பின்னால் தள்ளினேன் என்று ஏற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன் மேல் போன். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன், எல்லாரும் ஒரே தடவையில் படித்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: ஏற்காட்டு மலையில் நாகலூர்க்காரன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எஸ்டேட்டில் காபி பறித்தேன். காபி மூட்டை ஏற்றிய லாரியில் கிளீனராகத் தொங்கிக்கொண்டு மலை இறங்கினேன். மஸ்கட்டில் ஓட்டல் அடுப்படி. அங்கிருந்து இந்தப் பனி தேசம். இங்கே முதல் கடை பிடித்தபோது, பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஆறு மாதம் தாங்காது என்றார். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார். என் கடை இரண்டாகிவிட்டது.

எனக்கும் சரோஜாவுக்கும் ஒரே பிள்ளை, கார்த்தி. சின்னப் பையனாக இங்கே வந்தவன், இப்போது நரைத்த முடி ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கிறது. வீட்டில் பாதிப் பேச்சு ஆங்கிலம். நாங்கள் தமிழில் கேட்போம், அவன் இரண்டையும் கலந்து பதில் சொல்வான். கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலம் கலக்காத சுத்தமான சேலம் பேச்சு வரும். அதனாலேயே சில சமயம் அவனைக் கோபப்படுத்திப் பார்ப்பேன்.

2

கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன், ஒரு நாள் அதை விட்டுவிட்டுக் கடைக்கு வந்து நின்றான். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. இவ்வளவு நாள் கழித்துப் பிள்ளை மளிகைக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"அப்பா, முன்னாடி பாதிய எனக்குக் குடுங்க. கார்டு கடை வெக்கறேன்."

கார்டு என்றால் நம் ஊரில் ரேஷன் கார்டு. இங்கே வேறு. விளையாட்டு வீரர் படம், கார்ட்டூன் பூதங்கள் படம் அச்சடித்த சீட்டு. குழந்தைகள் வாங்கி, மாற்றி விளையாடுவார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், அதே சீட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெருமையாக விலை சொல்வார்கள். கார்த்தியிடமும் ஒரு பெட்டி நிறைய இருந்தது. அதில் ஒன்றுதான் அவனுக்கு உசிர். கொம்பு வைத்த வௌவால் ஒன்று நிலாவைக் கவ்விக்கொண்டிருக்கும் படம். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், பள்ளிக்கூடத்தில் யாரும் அவனோடு பேசாத நாளில், டப்பாவிலிருந்த தேங்காய் பர்பியைக் கொடுத்து ஒரு பையனிடம் வாங்கியது. அந்தப் பையன்தான் அவனுடைய முதல் சிநேகிதன்.

"காயிதத்த வித்து எவன் பொழச்சான்?" என்றேன்.

"நீங்க லாரில தொங்கறப்பவும் ஊர்ல இதேதானுங்க கேட்டிருப்பாங்க."

நான் அதோடு விடுகிறவன் இல்லை. பந்தயம் கட்டினேன். இந்தச் சீட்டுகளுக்கு மார்க் போடவென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அனுப்பி வைத்தால் விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து, சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பந்தயம் இதுதான்: உன் வௌவால் ஒன்பதோ பத்தோ வாங்கினால் முன்பாதி உனக்கு. வாங்காவிட்டால் கார்டு பேச்சை விட்டுவிட்டு மளிகையை எடுத்துக்கொள். கார்த்தி கை நீட்டினான். அதில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

வேகத்துக்குத் தகுந்த கட்டணம் என்று அவன் சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது. நம் ரயிலில் தட்கல் இருக்கிறதே, அது மாதிரி. அதிகம் கட்டினால் சில நாளில் வந்துவிடும். குறைவாகக் கட்டினால் வாரக்கணக்கு, கூட்டம் அதிகமானால் மாதக்கணக்கு. அவர்கள் சொல்வதும் உத்தேசக் கணக்குதான், கையெழுத்துப் போட்ட சத்தியம் இல்லை. இன்னொரு சூட்சுமமும் உண்டு. பார்சல் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நாள் எண்ண மாட்டார்கள். அவர்கள் பிரித்துப் பதிவு போட்ட நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். சனி, ஞாயிறு சேர்த்தி இல்லை. கனடா குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. நானும் உட்கார்ந்தவன்தான்.

"தட்கல்ல போடு, காசு நான் குடுக்கறேன்."

"வேண்டாமுங்கப்பா. என் காசுல ஆர்டினரியே போறேன்."

அனுப்புகிற அன்று காலையில் சாப்பாட்டு மேசை மேல் எல்லாம் பரப்பியிருந்தான். மெல்லிய உறையில் சீட்டு, அட்டை, பஞ்சு, பெட்டி. டேப் எடுக்கக் காருக்குப் போனான். சாமி அலமாரி பக்கத்திலேயே இருந்தது. மஞ்சளைக் குழைத்தேன். சீட்டை உறையிலிருந்து உருவி, முன்பக்கம் நாலு மூலைக்கும் ஒவ்வொரு பொட்டு தொட்டு வைத்து, ஊதிக் காயவிட்டு, திரும்ப உள்ளே போட்டு, அட்டைக்கு நடுவில் வைத்து மூடினேன். கல்யாணப் பத்திரிகையோ புதுக் கணக்கு நோட்டோ மஞ்சள் தொடாமல் என் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. இதுவும் ஒரு காரியமாகப் போகிற காகிதம், கை தானாகப் போனது. சீட்டின் மூலைக்கென்று தனியாக மார்க் உண்டு என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

தபால் அலுவலகத்தில் உள்ளே என்ன என்று கேட்ட பெண்ணிடம், நானே முந்திக்கொண்டு என் ஆங்கிலத்தில், "பரீட்சை எழுதப் போகிறது" என்றேன். அந்தப் பெண் பார்சலைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். கார்த்தி என்னைப் பின்னால் இழுத்துவிட்டு, சுங்கத்துக்கான விவரங்களைச் சொன்னான். சீட்டு அமெரிக்க எல்லையைத் தாண்டிப் போக வேண்டும். சீட்டுக்கும் விசா மாதிரி ஒன்று வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

3

காத்திருந்த கதையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் சீட்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். வந்து சேர்ந்தது, பதிவானது, இன்ன சீட்டு என்று அடையாளம் பார்க்கிறார்கள், தரம் பார்க்கிறார்கள், உறையில் அடைக்கிறார்கள், கடைசியாக ஒருமுறை சரிபார்க்கிறார்கள். இப்படிப் படிப்படியாக ஏற வேண்டும். எங்கள் சீட்டு முதல் படியிலேயே வாரக்கணக்காக உட்கார்ந்திருந்தது.

அதற்கு முன்பு கார்த்தி மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் அதிகம். சாப்பிடுவான், போனைப் பார்ப்பான், கிளம்புவான். இப்போது தினமும் காலையில், கடை திறக்கும் முன் வர ஆரம்பித்தான். சரோஜா காபி கொடுப்பாள். அவன் போனை மேசை மேல் எனக்கும் தெரிகிற மாதிரி வைப்பான். இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம்.

"நவுந்துச்சா?"

"இல்லீங்க."

"பதிவு போடறவன் டீ குடிக்கப் போயிட்டானா?"

"போனவன் நாகலூரு பஸ்ஸுக்கு நிக்கறானாட்ட இருக்குதுங்க."

அவ்வளவுதான் பேச்சு தொடங்கும். அதிலிருந்து எங்கெங்கேயோ போகும். அவன் வேலையை விட்ட காரணம் அந்தக் காலை நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவனுடைய மேலதிகாரி, ஒருநாள் கூடச் சேர்ந்து வேலை பார்க்காமலே, கணினியில் வந்த ஒரு கணக்கை வைத்து அவனுக்குக் குறைந்த தரம் போட்டிருக்கிறார். "என்னய யாரும் பாக்கவே இல்லீங்கப்பா" என்றான். நான் அதுவரை அவன் சோம்பேறித்தனத்தால் விட்டான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கேட்டேன், ஒரு சீட்டைப் பார்க்க ஏன் இத்தனை நாள் என்று.

"பாக்கறதுக்கு நேரமே ஆகாதுங்க. கொஞ்ச நேரந்தான் கைல எடுப்பாங்க. மத்ததெல்லாம் வரிசைங்க. ஊர் உலகத்துச் சீட்டெல்லாம் அங்க போயி நிக்குதில்ல."

அதை நாள் முழுக்க யோசித்தேன். மனுசனை மதிப்பு போடுகிற வேலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் பட்டிருக்கிறேன். எஸ்டேட்டில் பொழுது சாயும்போது பறித்த பழத்தைக் கணக்கு எழுதுகிற ரைட்டர் முன்னால் கொட்டுவோம். பழத்தோடு பச்சைக்காய் கலந்திருந்தால் ஒரு பார்வைதான், "தள்ளு" என்பார். நாள் முழுக்கச் சரிவில் நின்ற வேலைக்கு அவ்வளவுதான் நேரம். நான் சரோஜாவைப் பெண் பார்க்கப் போனபோது, தம்ளரில் காபி ஆறுவதற்குள் இரண்டு வீட்டுக்காரர்களும் முடிவு செய்துவிட்டார்கள். விசா கொடுத்த அதிகாரி என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, முத்திரைதான் குத்தினார். ஆனால் அந்த முத்திரைக்கு முன்னால் நான் காத்திருந்த காலத்தில் எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக் கன்றுக்குட்டி கறவைக்கு வந்துவிட்டது.

எல்லா இடத்திலும் இதே கதைதான். பார்க்கிற நேரம் கொஞ்சம், நிற்கிற நேரம் அதிகம். நிற்கிறவனுக்கு, தன்னைத்தான் இவ்வளவு நேரமாக உற்றுப் பார்க்கிறார்கள் என்று ஒரு நினைப்பு. உண்மையில் யாரும் இன்னும் அவனைத் தொடவே இல்லை.

இதில் வேடிக்கை, நான் அவசரக்காரன். வாழைப்பழம் பழுக்கிற வரைக்கும் பொறுக்காதவன் என்று சரோஜா சொல்வாள். அந்த நான், ஒருநாள் காலையில் சீட்டு இரண்டாவது படிக்கு நகர்ந்துவிட்டது என்று கார்த்தி கத்தியபோது, அடடா, இதற்குள்ளேயா என்று நினைத்தேன். மார்க் வந்துவிட்டால் இந்தக் காலைக் காபிக்கு அவன் எதற்கு வருவான்?

4

காபிப் பறிப்புச் சமயத்தில் நாகலூர் போனோம். அங்கே எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. எந்தச் சரிவில் கூலிக்கு நின்றேனோ அதே சரிவு. வாங்கிப் போட்டேன். என் அக்கா பழனியம்மாள்தான் பார்த்துக்கொள்கிறாள். கார்த்தியும் கூட வந்தான். கேட்டதும் வந்தது எனக்கே ஆச்சரியம்.

காலை வெயில் களத்தில் விழுந்திருந்தது. அக்கா, பரப்பிய காபிப் பழத்தைக் காலால் கோடு கோடாகப் புரட்டிக்கொண்டே நடந்தாள். நான் திட்டு மேல் உட்கார்ந்து அவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. கார்த்தி களத்து மூலையில் போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"வந்திருச்சுங்க."

"எத்தன?"

அவன் போனை என் பக்கம் நீட்டினான். கிட்டே போனேன். மார்க் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை. சீட்டு அசல்தான், ஆனால் மேலே வேறு ஏதோ பொருள் தடவப்பட்டிருக்கிறது, அதனால் மார்க் போட முடியாது என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் பெரிதாக்கிய படம். நாலு மூலையிலும் நாலு மஞ்சள் வட்டம். அந்த அளவுக்குப் பெரிதாகப் பார்த்தபோது என் விரல் ரேகைகூடத் தெரிந்தது.

"ஏனுங்கப்பா, இது மஞ்சளுங்களா?"

"ஆமா."

"நீங்களா வெச்சீங்க?"

"ஆமா சாமி."

அவன் முகம் மாறியது. "மூலைக்குத்தான் மொத மார்க்கு. அது வெள்ளையா, கூரா, அப்படியே இருக்கோணும். வருசக்கணக்கா வெரல் படாம வெச்சிருந்தேன். நான் தோக்கோணும்னுதான வெச்சீங்க?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கள்ளத் தராசு வைத்தவன் என்று ஒரு வாடிக்கையாளர்கூடச் சொன்னதில்லை. பெற்ற பிள்ளை சொன்னான்.

அக்கா புரட்டுவதை நிறுத்திவிட்டு வந்தாள். "என்ன சாமி, அப்பனப் புடிச்சு அந்த மொற மொறைக்கற?"

அவன் படபடவென்று சொன்னான், சுத்தமான சேலம் பேச்சில். அக்கா படத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், களத்துக்கு வெளியே மேய்ந்த ஆடு தலை தூக்கியது.

"அட கண்ணு, உங்கப்பனப் பத்தி உனக்கென்ன தெரியும்! மஸ்கட் போறப்ப பாஸ்போட்டு நாலு மூலைக்கும் மஞ்ச வெச்சுட்டுப் போனவனாக்கும் இவன். இதென்ன கறைன்னு ஏர்போட்டுல தனியா ஒக்கார வெச்சுட்டாங்க. பிளேன் போயிருமோன்னு நாங்க வெளியில நின்னு நொம்ப அழுதுட்டோம்."

"அது மங்கலமாப் போகோணும்னு…" என்றேன்.

"இப்ப மட்டும் என்ன, நாசமாப் போகோணும்னா வெச்ச? அதச் சொல்லித் தொலையேன்டா அவங்கிட்ட!"

கார்த்தி என்னையே பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான், "என் டிகிரி சர்ட்டிபிகேட்டு மூலையில மஞ்சளா இருக்குமே. பழசாகி அப்படி ஆயிருச்சுன்னு நெனச்சிருந்தேன்."

"பழசாகுமா? பிரேம் போடறதுக்கு முந்தி வெச்சது."

"அப்ப… நான் ஜெயிக்கோணும்னா வெச்சீங்க?"

"தோக்கறதுக்கு எவனாச்சும் மஞ்ச வெப்பானாடா?"

சொன்ன பிறகுதான் நானே அதைக் கேட்டேன். பந்தயத்தில் நான் எதிர்ப்பக்கம். அவன் தோற்றால்தான் எனக்கு மளிகைக்கு ஆள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தும் என் கை அவன் பக்கம் போயிருக்கிறது.

கார்த்தி போனைச் சட்டைப் பையில் போட்டான். கோபம் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் எனக்கு வலித்தது.

"பரவால்லீங்கப்பா. ஆனா பேச்சு பேச்சுதானுங்க. ஒம்பது வரல. திரும்பிப் போனதும் மளிகைக்கு வந்தர்றேன்."

முப்பது வருட உழைப்புக்கு வாரிசு கிடைத்துவிட்டது. நான் ஆசைப்பட்டது அதுதான். களத்துத் திட்டு மேல் உட்கார்ந்து, நான் ஜெயித்ததை எனக்கே சொல்லிப் பார்த்தேன். காபிப் பழம் காய்கிற வாசனைதான் வந்தது, சந்தோஷம் வரவில்லை.

மறுநாள் ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனோம். நல்ல கூட்டம். எனக்கு இடம் கிடைத்தது, அவன் கம்பியைப் பிடித்து நின்றான். வழக்கமாகப் போனைப் பார்க்கிற நேரம். அவன் எடுக்கவில்லை. பார்க்க எதுவும் இல்லையே. ஜன்னல் வழியாக சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலைக்குப் போகிறவன் முகம் அது. லாரியில் தொங்கிக்கொண்டு இறங்கிய நாளில் என் முகம் அப்படி இருக்கவில்லை. எனக்குப் பயம் இருந்தது, ஆனால் நான் போகிற இடம் எனக்குப் பிடித்த இடம்.

என்னைப் பற்றி ஊரில் ஒன்று சொல்வார்கள், சொன்ன சொல்லை மாற்றாதவன் என்று. உண்மைதான். அன்றைக்குத்தான் மாற்றினேன்.

"சாமி, அந்தப் பந்தயம் செல்லாது."

"ஏனுங்க?"

"சீட்டு மேல கை வெச்சது நானு. ஆட்டம் கலைஞ்சு போச்சு. முன்பாதிய எடுத்துக்க."

அவன் தலையாட்டினான், முடியாது என்று. "சும்மா குடுத்தா எடுத்துக்க மாட்டேனுங்க."

"சும்மா யாருடா குடுத்தா? வாடக குடு."

"எவ்வளவுங்க?"

"பக்கத்துப் பல் டாக்டர் குடுக்கற ரேட்டு."

"அது நொம்ப சாஸ்திங்க. அவரு பல்லப் புடுங்கறாரு, நான் சீட்டுத்தான விக்கறேன்."

பக்கத்து இருக்கையில் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த செம்மநத்தம் ஊர்ப் பெண் அதுவரை எங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒத்துக்கங்க தம்பி" என்றாள் அவனிடம். "உங்கப்பன் மொகத்தப் பாத்தா எறங்கற எடம் வர்றதுக்குள்ள வாடகய இன்னும் ஏத்திருவாராட்ட இருக்குது."

பஸ்ஸே சிரித்தது. கார்த்தி ஒத்துக்கொண்டான். அன்று சிரித்துக்கொண்டே என் தோளில் கை வைத்து நின்றான். கம்பி எட்டவில்லை என்று நினைத்தேன். கம்பி எட்டிக்கொண்டுதான் இருந்தது.

5

முன்பாதியில் இப்போது இரண்டு நீள மேசை, ஒரு கண்ணாடி அலமாரி. வாடகைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். முதல் தேதி தவறாமல் கொடுக்கிறான். இந்தத் தெருவிலேயே ஒழுங்காக வாடகை கொடுக்கிறவன் என் மகன்தான் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் கறிவேப்பிலை வாங்கிவிட்டு அவன் மேசையை எட்டிப் பார்க்கிறார்கள். அவன் ஆட்கள் சீட்டு மாற்றிவிட்டு என்னிடம் முறுக்குப் பாக்கெட் வாங்குகிறார்கள். யாருக்கு யாரால் வியாபாரம் என்று எங்களுக்குள் தினமும் சண்டை.

வௌவால் சீட்டு திரும்பி வந்துவிட்டது. அதை அவன் விற்பனைக்கு வைக்கவில்லை.

வருகிறவர்களுடைய சீட்டுகளைச் சேர்த்து மார்க் கம்பெனிக்கு மொத்தமாக அனுப்புகிற வேலையும் செய்கிறான். அனுப்பக் கொடுத்தவர்களுக்குப் பொறுமை கிடையாது. அதில் ஒருவர் குர்மீத், பெரிய லாரி ஓட்டுகிற பஞ்சாபிக்காரர். அவருடைய ஹாக்கிச் சீட்டுகள் போய் வெகுநாளாகிவிட்டது. எந்த ஊருக்கு லோடு ஏற்றிப் போனாலும் திரும்பும் வழியில் வந்து நிற்பார். போன வாரமும் வந்தார். கார்த்தி அவருக்குப் போனில் படிகளைக் காட்டினான். இன்னும் முதல் படிதான்.

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "அங்கிள், நீங்களே ஒரு மார்க் போட்டுக் கொடுத்துவிடுங்களேன். உங்களிடம் கொடுத்தால் எவ்வளவு நாள் ஆகும்?"

நான் பெருமையாகப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், மேசையில் குனிந்து உறை ஒட்டிக்கொண்டிருந்த கார்த்தி, தலையைத் தூக்காமல் தமிழில் சொன்னான்:

"அப்பாகிட்ட மட்டும் குடுத்தறாதீங்க. எனக்கே மார்க்கு இப்பத்தானுங்க வந்துச்சு."

குர்மீத்துக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார்.

"சீக்கிரம் வந்துவிடும் என்கிறான்" என்றேன்.